பெட்டிக்கு இரண்டு சாவி: பங்குகளில் பொதுநிலையினர் சேவை

 

1617 ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரான்சின் கிழக்குப் பகுதியில் உள்ள ஷாத்தியோன் என்ற சிற்றூரில் பூசைக்கு நேரமாகிவிட்டது. புதிதாக வந்திருந்த பங்குத்தந்தை உடுப்பு அணிந்துகொண்டிருந்தார். அப்போது ஒரு பெண் வந்து, ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லோரும் நோயில் விழுந்துவிட்டார்கள், ஒருவருக்கொருவர் தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை என்று சொன்னார். குரு அதைப் பிரசங்கத்தில் மக்களிடம் சொன்னார். மாலையில் அவரே அந்த வீட்டுக்குக் கிளம்பினார். வழியெல்லாம் பெண்கள் கூட்டம். சிலர் போய்க்கொண்டிருந்தார்கள், சிலர் திரும்பிக்கொண்டிருந்தார்கள், இன்னும் சிலர் வெயில் தாங்காமல் வழியோரம் உட்கார்ந்து களைப்பாறிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் ரொட்டியும் இறைச்சியும் குவிந்து கிடந்தன.

அந்தக் குருவின் பெயர் வின்சென்ட் தே பவுல். குவியலைப் பார்த்ததும் அவருக்கு மகிழ்ச்சியோடு கவலையும் வந்தது. அவ்வளவையும் அந்தக் குடும்பம் இன்றே தின்று தீர்க்க முடியாது. மீதி கெட்டுப்போகும். நாலு நாள் கழித்து மறுபடியும் பட்டினிதான். ஊரில் இரக்கத்துக்குக் குறைவில்லை, ஏற்பாட்டுக்குத்தான் குறைவு என்பது அவருக்குப் புரிந்தது. சில நாட்களிலேயே பெண்களைக் கூட்டி, ஆளுக்கு ஒரு நாள் சமைத்து எடுத்துப் போவதென்று முறை வைத்தார். அவ்வாண்டு டிசம்பர் 8-ஆம் நாள் அந்த அமைப்பு முறைப்படி நிறுவப்பட்டது.

அவர் எழுதிக் கொடுத்த விதிமுறைகள் நானூறு ஆண்டு கழித்தும் படிக்கச் சுவையானவை. சாப்பாட்டை வைத்துவிட்டு ஓடிவிடக்கூடாது. நோயாளியிடம் முகம் மலரப் பேச வேண்டும், துண்டு விரிக்க வேண்டும், கை கழுவ உதவ வேண்டும். வீட்டில் துணைக்கு ஆள் இருக்கும் நோயாளியை முதலில் பார்க்க வேண்டும், தனியாகக் கிடப்பவரிடம் கடைசியாகப் போக வேண்டும். அப்போதுதான் அவரோடு அதிக நேரம் உட்கார முடியும். பணம் இருக்கும் பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி தலைவியிடம், இன்னொன்று பொருளாளரிடம். யாரையும் சந்தேகிக்க இடமில்லாதபடி இந்த ஏற்பாடு.

கத்தோலிக்கப் பொதுநிலையினரின் தொண்டு பற்றிப் பேச வந்தால் அன்பு, தியாகம், மறைபரப்பு என்று பெரிய சொற்களில் தொடங்குவதே வழக்கம். இந்தச் சொற்பொழிவு இரண்டு சாவியில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பங்குகளில் நல்ல மனம் இல்லாததால் எந்தச் சேவையும் நின்றுபோனதில்லை. யார் எப்போது போவது, எதைக் கொடுப்பது, யாரிடம் கணக்குச் சொல்வது என்ற சின்ன விஷயங்கள் தீர்மானிக்கப்படாததால்தான் பல சேவைகள் நின்றுபோயிருக்கின்றன.

ஷாத்தியோனுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்து, பாரிஸ் நகரத்துக்கு வருவோம். 1832-இல் அங்கே காலரா பரவி, நகரில் மட்டும் 18,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் காலத்தில் சொர்போன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க லியோனிலிருந்து வந்திருந்தார் பிரடெரிக் ஓசானம். மின்னோட்டத்தின் அலகுக்கு யார் பெயரை வைத்திருக்கிறோமோ, அந்த ஆம்பியரின் வீட்டில் சில காலம் தங்கிப் படித்தார். நண்பர்களோடு சேர்ந்து ஒரு விவாதக் கழகத்தில் திருச்சபையின் வரலாற்றுப் பெருமைகளை எடுத்துப் பேசுவார். ஒரு நாள் எதிரணியிலிருந்து கேள்வி வந்தது. திருச்சபை அந்தக் காலத்தில் செய்ததெல்லாம் சரி, இன்றைக்கு இந்தப் பாரிசில் நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?

பதில் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. 1833 ஏப்ரல் 23, ஓசானத்தின் இருபதாவது பிறந்தநாள். அன்று ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் ஏழு பேர் கூடினார்கள். ஆறு பேர் மாணவர்கள், ஏழாமவர் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த பத்திரிகைக்காரர் இம்மானுவேல் பாயி. அவரையே தலைவராக்கினார்கள். மாணவர்களுக்கு ஆர்வம் இருந்தது, ஆனால் எந்த வீட்டுக்குப் போவதென்று தெரியாது. அதற்காகத் தெவோ என்ற மருத்துவ மாணவரை முஃப்தார் சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே பல ஆண்டுகளாக ஏழைகள் நடுவே உழைத்துக்கொண்டிருந்தவர் அன்புப் புதல்வியர் சபையின் அருட்சகோதரி ரொசாலி ராந்து. அவர் குடும்பங்களின் முகவரியைக் கொடுத்தார், ரொட்டிக்கும் இறைச்சிக்கும் சீட்டு கொடுத்தார், ஏழை வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். ஓசானமும் ஒரு நண்பரும் குளிர்காலத்துக்குத் தாங்கள் சேர்த்து வைத்திருந்த விறகில் மிச்சமிருந்ததை எடுத்துப் போய் ஓர் ஏழை வீட்டில் கொடுத்ததாகச் சபையின் வரலாறு சொல்கிறது. இன்று நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை என்று அழைக்கப்படுவது இப்படிப் பிறந்ததுதான்.

இந்த மாணவர்கள் செய்த சில தீர்மானங்கள் இன்றும் சபையில் அப்படியே இருக்கின்றன.

முதலாவது, இரண்டு இரண்டு பேராகப் போவது. ஒருவர் மட்டும் போனால் அவருடைய மனச்சாய்வு மட்டும்தான் அறிக்கையாக வரும். ஒருவர் பேசும்போது மற்றவர் பார்க்கிறார்: அடுப்பு எரிந்திருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, கட்டிலில் படுத்திருப்பவருக்கு யார் மருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள்? புதியவர் பழையவரோடு போய்க் கற்றுக்கொள்கிறார். தனியாக இருக்கும் பெண்கள் வீட்டுக்குப் போகும்போது ஊர் வாய்க்கும் இடமில்லை.

இரண்டாவது, ஒழுங்காகக் கூடுவது. ஜெபம், சிறிது ஆன்ம வாசிப்பு, சென்ற கூட்டத்தின் குறிப்பு, வீடு சந்திப்பு அறிக்கை, பொருளாளர் கணக்கு. கூட்டத்தின் முடிவில் பணம் திரட்டுவார்கள். அந்தக் காலத்தில் தெவோ தொப்பியை நீட்டினார், பிறகு துணிப்பை வந்தது. பைக்குள் கையை விட்டு எடுக்கும்போது ஆயிரம் போட்டவரும் பத்து ரூபாய் போட்டவரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். இல்லாதவர் வெறுங்கையை விட்டு எடுத்தாலும் யாருக்கும் தெரியாது. அதனால்தான் அதை இரகசியக் காணிக்கை என்கிறார்கள். நன்கொடையாளர் பெயர்ப் பலகை வைக்கும் நம் ஊர்ப் பழக்கத்துக்கு இது நேர் எதிரானது.

மூன்றாவது, வெளியே பேசாமல் இருப்பது. எந்த வீட்டுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பது அந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது. ஊரில் மானத்தோடு வாழ்ந்து நொடித்துப்போன குடும்பங்கள் உதவி கேட்பதற்குப் பெரிய தடை பசி அல்ல, தெருவில் நாலு பேர் பேசுவார்களே என்ற பயம்தான்.

நான்காவது, மதம் பார்க்காதது. சபையின் விதிமுறை இதைத் தெளிவாகவே சொல்கிறது. அதோடு இன்னொன்றும் சொல்கிறது: பணத்தைச் சேர்த்து வைக்காதே. வங்கிக் கணக்கில் பெருந்தொகை கிடக்கும்போது தெருவில் ஒரு குடும்பம் பட்டினி கிடந்தால், அந்த விதியை மீறிவிட்டதாகவே அர்த்தம்.

இனி இதற்கும் பங்குக்கும் என்ன தொடர்பு என்பதைப் பார்க்கலாம். தொடக்கத்தில் இது பங்கு அமைப்பாக இல்லை, நண்பர்கள் குழுவாகத்தான் இருந்தது. 1834 முடிவதற்குள் உறுப்பினர் நூறு பேரைத் தாண்டினார்கள். ஒரே அறையில் அத்தனை பேரின் அறிக்கையைக் கேட்க நேரம் இல்லை. பிரிக்க வேண்டும் என்றார் ஓசானம். நட்பு சிதறிவிடும் என்று மற்றவர்கள் எதிர்த்தார்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் வாக்குவாதம் சூடானது. கடைசியில் பிரிவதென்று முடிவாயிற்று. 1835-இல் ஒரு பகுதியினர் புனித சுல்பிசு பங்கிலும் மற்றவர்கள் பழைய இடமான புனித எத்தியன் பங்கிலும் கூடினார்கள். அன்றிலிருந்து பங்கின் எல்லையே ஒவ்வொரு குழுவின், அதாவது கிளைச்சபையின், எல்லை. நடந்து போகக்கூடிய தூரம், முகம் தெரிந்த தெருக்கள். அந்தச் சண்டை நடக்காமல் இருந்திருந்தால் பாரிசில் ஒரு நல்ல மாணவர் சங்கம் இருந்தது என்று சொல்லிவிட்டுக் கதை முடிந்திருக்கும். பிரிந்த பிறகு அது 1844-இல் டப்ளினுக்குப் போனது, 1845-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு, 1854-இல் மெல்போர்னுக்கு. இந்தியாவுக்கும் 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. இன்று ஏறக்குறைய 150 நாடுகளில் சுமார் 8 லட்சம் உறுப்பினர்கள்.

பங்கோடு இருந்தாலும் பங்குத்தந்தையின் கைப்பிள்ளையாக இல்லாதது இந்தச் சபையின் தனித்தன்மை. தலைவர், செயலர், பொருளாளர் மூவரும் பொதுநிலையினர். குருவின் இடம் ஆன்ம ஆலோசகர் என்பது மட்டுமே. இதில் நடைமுறை நன்மை ஒன்று உண்டு. பங்குத்தந்தைக்கு மாற்றல் வந்தால் புதியவர் வருவார், அவருடைய விருப்பம் வேறாக இருக்கும். ஆனால் தெருக்கோடியில் இருக்கும் பாட்டிக்கு மாதாமாதம் போகும் அரிசி நிற்காது. பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் தனி ஆவணம் வெளியிட்டது 1965 நவம்பர் 18-இல்தான். பாரிஸ் மாணவர்கள் அதற்கு 130 ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஓசானம் பிறகு சொர்போனில் இலக்கியப் பேராசிரியர் ஆனார். திருமணம் செய்தார், ஒரு பெண் குழந்தை. அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்லும் ஒரு சம்பவம். புத்தாண்டு நாள். அவருக்குத் தெரிந்த ஓர் ஏழைக் குடும்பம் வீட்டிலிருந்த இழுப்பறை மேசையை அடகு வைத்திருந்தது. நன்றாக வாழ்ந்த காலத்தின் கடைசி மிச்சம் அது. அதை மீட்டுக் கொடுத்தால் என்ன என்று மனைவி அமெலியிடம் கேட்டார். இப்போது அவர்களுக்கு அது அவசியமா என்று அவர் நியாயமான காரணங்களைச் சொல்ல, இவரும் ஒத்துக்கொண்டார். மாலையில் மகளுக்கு வந்திருந்த பொம்மைகளும் இனிப்புகளும் மேசையில் குவிந்திருந்தன. ஓசானம் எதையும் தொடவில்லை, முகம் வாடியிருந்தது. அமெலி புரிந்துகொண்டு, முதலில் தோன்றியபடியே செய்யுங்கள் என்றார். அவர் எழுந்து போய் மேசையை மீட்டு அந்த வீட்டில் சேர்த்துவிட்டு, திரும்பி வந்த பிறகுதான் பழைய முகம் வந்தது. பசிக்குச் சோறு போடுவதோடு நிற்காமல் அந்தக் குடும்பத்துக்கு எது கௌரவம் என்று அறிந்திருந்தார். வீட்டுக்குள் போய் உட்காராதவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. ஓசானம் 1853 செப்டம்பர் 8-இல், நாற்பது வயதில் மார்சேயில் இறந்தார். 1997 ஆகஸ்டு 22-இல் பாரிஸ் நோத்ர தாம் ஆலயத்தில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார். அவர் தொடங்கிவைத்த முறையிலிருந்தும், அந்தந்தக் காலத்தின் தேவையிலிருந்தும் வேறு கிளைகள் வளர்ந்தன.

பிராங்க் டஃப் டப்ளினில் நிதித் துறையில் வேலை பார்த்த அரசு ஊழியர். 1913-இல் வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்தார். 1921 செப்டம்பர் 7-ஆம் நாள் அவரும் சில பெண்களும் கூடிய கூட்டத்திலிருந்து மரியாயின் சேனை பிறந்தது. வின்சென்ட் சபையின் வாராந்தரக் கூட்டம், இருவராகப் போவது, அறிக்கை சொல்வது எல்லாவற்றையும் டஃப் அப்படியே எடுத்துக்கொண்டார். ஒன்றை மட்டும் விலக்கினார். பணமோ பொருளோ கொடுப்பதைச் சேனையின் விதி தடை செய்கிறது. அதற்குத்தான் வேறு சபை இருக்கிறதே. வெறுங்கையோடு போகிறவருக்கு வீட்டில் நுழைய வேறு காரணம் வேண்டும்: நோயாளியைப் பார்ப்பது, கோவிலுக்கு வராதவரை விசாரிப்பது, துக்க வீட்டில் ஜெபமாலை சொல்வது. நம் பங்குகளில் இரண்டும் அருகருகே இருப்பதன் உள்ளர்த்தம் இதுதான். சேனைக்காரர் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கண்டால், வின்சென்ட் சபைக்காரரிடம் சொல்லிவிட்டாலே போதும்.

அமெரிக்காவில் கதை வேறு விதம். கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவன் நகரில் புனித மரியா ஆலயத்தின் உதவிப் பங்குத்தந்தை மைக்கேல் மெக்கிவ்னி. அவர் குருமடப் படிப்பில் இருந்தபோது தந்தை இறந்து, பெரிய குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் படிப்பை நிறுத்திவிட்டு வீடு திரும்ப வேண்டி வந்தது. சம்பாதிப்பவர் இறந்தால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்பது அவருக்கு ஏட்டறிவு இல்லை. 1882-இல் பங்கு ஆண்களைச் சேர்த்து, விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் காப்பீடு தரும் சங்கமாக அவர் நிறுவியதுதான் கொலம்பஸ் வீரர்கள் அமைப்பு. அவரே 38 வயதில், 1890-இல் நிமோனியாவில் இறந்தார். 2020-இல் அருளாளர் ஆனார். இன்று அந்த அமைப்பில் 20 லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். தவக்கால வெள்ளியில் இறைச்சி கூடாது என்பதால் அங்கே பங்கு மண்டபத்தில் மீன் வறுவல் விருந்து நடக்கும். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் இந்த வீரர்கள்தான். விற்ற பணம் பங்குக்கோ உதவி நிதிக்கோ போகும். ஏழைப் பிள்ளைகளுக்குக் குளிர்காலக் கோட்டு வாங்கிக் கொடுப்பதும் அவர்களுடைய வேலைகளில் ஒன்று.  

தமிழ் மண்ணுக்கு இதெல்லாம் வெளியிலிருந்து வந்த புதுமை என்று நினைக்கத் தேவையில்லை. 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக் கடற்கரையில், புன்னைக்காயலில், என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் காலத்தில் ஒரு மருத்துவமனை நடந்தது. அதற்கு ஆதாரம் பரதவ மக்களின் காணிக்கை. 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் நூலின் செலவையும் அவர்களே ஏற்றார்கள். ஷாத்தியோன் பெண்கள் கூடியது அதற்கு முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான். கடலில் போனவர் திரும்பாவிட்டால் அந்தக் குடும்பத்தை ஊர் பார்த்துக்கொள்ளும் வழக்கம் கடற்கரையில் இன்றும் இருக்கிறது.

இன்றைய தமிழ்ப் பங்கு ஒன்றில் கிளைச்சபைக் கூட்டம் எப்படி நடக்கிறது? ஞாயிறு முதல் பூசை முடிந்திருக்கும். இடம் மறைக்கல்வி வகுப்பறை. சிறுபிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் ஓய்வுபெற்ற ஆசிரியர், கூட்டுறவு வங்கி எழுத்தர், தையல் கடைக்காரர், மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர். செயலர் நீளக் குறிப்பேட்டை விரிக்கிறார். ஒரு வீட்டுக்கு மாத அரிசி, பருப்பு, எண்ணெய். ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரை. ஒரு வீட்டின் கூரைத் தகடு மழைக்கு முன் மாற வேண்டும். ஒரு பிள்ளை பாலிடெக்னிக் சேர்ந்திருக்கிறது, பஸ் பாஸ் கிடைக்கும் வரை வண்டிச் செலவு. ஒரு பெண்ணுக்குத் தையல் இயந்திரம் கேட்டிருக்கிறார்கள், ஆனால் போய்ப் பார்த்த இருவரில் ஒருவர் வேண்டாம் என்கிறார். அந்த வீட்டில் ஏற்கெனவே ஓர் இயந்திரம் இருக்கிறது, அடகில். மீட்டுக் கொடுப்பதே நல்லது என்று முடிவாகிறது. பை சுற்றி வருகிறது. முக்கால் மணி நேரத்தில் கூட்டம் முடிகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, பாதி வேலைக்குப் பணமே தேவைப்படுவதில்லை. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் ஒரு பெயர் என்றிருப்பதைத் திருத்த இ-சேவை மையத்துக்குக் கூடப் போக வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தும் எந்த மருத்துவமனையில் காட்டுவதென்று தெரியாதவருக்கு வழி சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனையில் காலை ஏழு மணிக்கே வரிசையில் நின்று சீட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். இந்த வேலைகளை நன்கொடை வாங்கிச் செய்ய முடியாது. ஓர் ஆள் அரை நாள் ஒதுக்கினால்தான் ஆகும்.

சாதாரண நாட்களில் இப்படிச் சின்னதாக ஓடும் ஏற்பாடு, பேரிடர் நாளில் என்ன ஆகிறது என்பதைத் தமிழகமும் கேரளமும் மூன்று முறை பார்த்திருக்கின்றன.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை வேளாங்கண்ணியிலும் நாகப்பட்டினத்திலும் குளச்சலிலும் மணக்குடியிலும் புகுந்தபோது கடற்கரையோர ஆலயங்களும் பள்ளிகளும் அன்றே முகாம்களாயின. வெளியிலிருந்து லாரிகள் வருமுன் சோறு வடித்தவர்களும் இறந்தவர்களைத் தூக்கியவர்களும் பக்கத்துப் பங்குகளிலிருந்து வந்தவர்கள். முதல் வாரம் ஷாத்தியோன் கதையும் திரும்ப நடந்தது. துணி மலைபோல் வந்து சாலையோரம் குவிந்தது, வேண்டியவருக்கு வேண்டியது கிடைக்கவில்லை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்கி மீன் பிடிப்பவர்கள். புயல் அடித்த நேரத்தில் எத்தனை பேர் கடலில் இருந்தார்கள் என்பதில் அரசு சொன்ன எண்ணும் ஊர் சொன்ன எண்ணும் ஒத்துப்போகவில்லை. எந்தப் படகில் யார் யார் போனார்கள் என்ற விவரத்தைப் பங்கு அளவில் திரட்டிப் பட்டியல் போட்டார்கள். காணாமல் போனவரைத் தேடச் சொல்லி வற்புறுத்தவும், பின்னர் குடும்பங்களுக்கு நிவாரணம் கேட்கவும் அந்தப் பட்டியல்கள் ஆதாரமாயின. எந்த வீட்டு ஆள் எந்தப் படகில் என்பதைத் தெருவை அறிந்தவர்தான் எழுத முடியும்.

அடுத்த ஆண்டு, 2018 ஆகஸ்டில், கேரளத்தின் உள்நாட்டு ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. திருவனந்தபுரம், கொல்லம் கடற்கரைகளிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடற்கரைப் பங்குகள் செய்தியைப் பரப்பி ஆட்களைத் திரட்டின. எல்லா மதத்து மீனவர்களும் போனார்கள். கேரள அரசின் கணக்குப்படி 4,500-க்கும் மேற்பட்ட மீனவர்கள், 669 படகுகள், மீட்கப்பட்டோர் சுமார் 65,000 பேர். வெள்ளத்தில் சிக்கிய பெண்கள் படகேறக் குனிந்து முதுகைப் படியாகக் கொடுத்த இளைஞரின் படம் நாடெங்கும் பரவியது. பிழைப்புக்கான படகு பாறையிலும் மதில்சுவரிலும் மோதி உடைந்ததையும் பொருட்படுத்தாமல் போனார்கள் என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள்.

இவ்வளவு பெருமை சொன்ன பிறகு குறைகளையும் சொல்லாமல் போனால் அது பொன்னாடை விழாப் பேச்சாகிவிடும்.

முதல் குறை மேடை. திருவிழா நாளில் நூறு பேரை வரிசையில் நிறுத்தி, சேலையும் ஐந்து கிலோ அரிசியும் கொடுத்துப் படம் எடுத்து, மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் போடுவது எளிது. பெறுபவரின் முகம் அதில் தெளிவாகத் தெரியும். வெளியே பேசக்கூடாது என்ற பழைய விதிக்கு இது அடியோடு முரண். மேடைக்கு வரக் கூசுகிற குடும்பம், அதாவது உண்மையிலேயே வேண்டிய குடும்பம், பட்டியலிலிருந்து தானாகவே விலகிக்கொள்கிறது.

இரண்டாவது, சாதி. நம் பங்குகளில் தெருக்கள் இன்னும் சாதியால் பிரிந்திருக்கின்றன, கல்லறையில் கூடச் சுவர் வைத்த ஊர்கள் உண்டு. வீடு சந்திப்புக்குப் போகும் இருவரும் ஒரே தெருக்காரர்களாக, தங்கள் தெருவுக்கு மட்டும் போகிறவர்களாக இருந்தால் சபை அந்தச் சுவருக்கு இன்னொரு வரிசைச் செங்கல் வைக்கிறது. இருவரையும் இரண்டு தெருவிலிருந்து சேர்த்து அனுப்புவது ஒரு சின்ன ஏற்பாடுதான். போன வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறாரா இல்லையா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது, பெண்கள். ஷாத்தியோனில் இந்த வேலையைத் தொடங்கியவர்கள் பெண்கள். ஆனால் ஓசானம் சபையில் நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. பெண்களுக்கென்று 1856-இல் இத்தாலியின் பொலோனாவில் தனி அமைப்பு உருவாக வேண்டியிருந்தது. இரண்டும் இணைந்தது 1960-களின் இறுதியில்தான். இன்றும் பல பங்குகளில் வீட்டுக்குள் நுழைந்து அடுக்களை வரை விசாரிப்பவர் பெண், குறிப்பேட்டில் தலைவர் என்று கையெழுத்துப் போடுபவர் ஆண்.

நான்காவது குறை இன்னும் ஆழமானது. ஒரே குடும்பத்துக்குப் பதினைந்து ஆண்டாக மாத அரிசி கொடுத்துக்கொண்டிருப்பது சேவையா, கூலி ஏன் போதவில்லை என்று கேட்காமல் இருப்பதற்கான வசதியா? ஓசானத்துக்கே இந்தக் கேள்வி இருந்தது. 1839–40-இல் லியோன் நகரில் வணிகச் சட்டம் கற்பித்தபோது, தொழிலாளி குடும்பத்தோடு வாழவும் பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் போதுமான கூலி வேண்டும் என்று வாதிட்டார். தொழிலாளர் பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் சுற்றுமடல் எழுதுவதற்கு அரை நூற்றாண்டு முன்பு இது. அடிபட்டவனுக்கு மருந்து போடுவதோடு, அடி விழாமல் தடுப்பதும் கடமை என்பதே அவர் கருத்து. 1848-இல் பாரிசில் கலவரம் வெடித்தபோது, தடுப்பரண்களுக்கு நடுவே போய்ச் சமாதானம் பேசும்படி பேராயர் அஃப்ரைக் கேட்டுக்கொண்டவர்களில் ஓசானமும் ஒருவர். பேராயர் போனார், குண்டடிபட்டு இறந்தார். அந்தத் துயரத்துக்குப் பிறகும் ஓசானம் ஏழைகளின் பக்கமே எழுதினார்.

நம் பங்குகளில் நீதியின் வேலை அவ்வளவு பெரிதாகத் தொடங்க வேண்டியதில்லை. மதுவால் சிதைந்த வீட்டுக்கு அரிசி கொடுப்பதோடு, குடிப்பழக்கத்திலிருந்து மீள்வோர் கூடிப் பேச வாரம் ஒரு மாலை பங்கு மண்டபத்தைத் திறந்துவிடலாம். கந்துவட்டிக்காரரிடம் வங்கி அட்டையைப் பறிகொடுத்த துப்புரவுத் தொழிலாளிக்கு ஒரு வழக்கறிஞரைப் பிடித்துக் கொடுக்கலாம். பங்கில் வழக்கறிஞர் இருப்பார், அவரை வாசகம் வாசிக்க மட்டும் அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

இளைஞர்கள் வருவதில்லை என்ற குறையும் எங்கும் கேட்கிறது. ஆஸ்திரேலியாவில் இதே சபை நடத்தும் பழைய பொருள் கடைகளைச் செல்லமாக வின்னீஸ் என்கிறார்கள். அங்கே பள்ளி மாணவர்கள் துணி பிரிக்கிறார்கள், விலை ஒட்டுகிறார்கள், கல்லாவில் நிற்கிறார்கள். செய்ய ஒரு வேலை இருக்கிறது, அதனால் வருகிறார்கள். நம்மிடம் இளைஞரை அழைத்தால் கொடியும் பந்தலும் கட்டச் சொல்கிறோம். கைபேசியில் விண்ணப்பம் நிரப்புவது, மருத்துவமனைக்குக் கூடப் போவது, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது, இவை மூன்றும் அவர்கள் பெரியவர்களைவிட நன்றாகச் செய்யக்கூடியவை. சபை தொடங்கிய அன்று ஓசானத்துக்கு வயது இருபதுதான்.

எனவே இந்த அவையின் முன் வைக்கும் கோரிக்கை ஒன்றே. பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழுவான ஒவ்வோர் அன்பியமும் ஓர் ஆணும் பெண்ணுமாக அல்லது ஒரு பெரியவரும் இளையவருமாக இருவரைக் கொடுக்கட்டும். முதல் இரண்டு மாதம் எதையும் கொடுக்க வேண்டாம், போய்ப் பார்த்து எழுதினால் போதும். பள்ளி திறப்பது ஜூனில். கட்டணமும் சீருடையும் காலணியும் அப்போது ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும். வட்டிக்காரர் வீட்டுக்குத் தாய்மார்கள் மே கடைசி வாரமே போய்விடுகிறார்கள். ஆகவே பங்கின் பட்டியல் ஏப்ரல் முடிவதற்குள் தயாராக வேண்டும், மே முதல் வாரத்தில் பணம் பள்ளியின் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். பெயர் தர விரும்புவோருக்கு மண்டபத்தின் வாசலில் பதிவேடு வைத்திருக்கிறார்கள். அதில் பெயரோடு, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வர முடியும் என்பதையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.